பத்தில் ஒன்பது பேர் மீண்டார்கள் என்றால், எந்தப் பத்து?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குடியிலிருந்தும் போதையிலிருந்தும் மீள உதவும் ஓர் அமைப்பைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை வாசித்தேன். நல்ல கட்டுரை. குடிநோயை ஒழுக்கக்கேடு என்று சொல்லாமல் கடைசிவரை நோய் என்றே எழுதிய நிருபருக்கு என் பாராட்டைச் சொல்லிவிடுங்கள். என் குறை தலைப்பைப் பற்றியது. 'பத்தில் ஒன்பது பேர் மீண்டனர்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தீர்கள். அந்தப் பத்துப் பேர் யார், அவர்களை யார் எண்ணினார்கள், எப்போது எண்ணினார்கள் என்று கட்டுரை முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை.

நான் மனநலத்துக்கும் போதை மீட்புக்கும் சேர்த்து வேலை செய்யும் ஒரு தொண்டு நிறுவனத்தில் திட்ட மேலாளராக இருக்கிறேன். மருத்துவர் இல்லை, கவுன்சலரும் இல்லை. ஆள் எடுப்பது, யார் எந்த நாளில் எங்கே இருக்க வேண்டும் என்று அட்டவணை போடுவது, பணம் எந்தத் தலைப்பில் செலவாகிறது என்று பார்ப்பது, மூன்று மாதத்துக்கு ஒரு முறை நிதி கொடுப்பவர்களுக்கு அறிக்கை அனுப்புவது, இதெல்லாம்தான் என் பிழைப்பு. உங்கள் தலைப்பில் வந்தது போன்ற எண்கள் என்னைப் போன்றவர்களின் எக்செல் பக்கத்தில்தான் உருவாகின்றன. எப்படி உருவாகின்றன என்று வாசகர்களும் தெரிந்துகொள்ளட்டுமே என்றுதான் எழுதுகிறேன். கடிதம் நீளம்தான். வெட்டித்தான் போட வேண்டும் என்றால் போன் பேசுவதைப் பற்றிய பகுதியை மட்டும் விட்டுவையுங்கள்.

ஒரு திட்டத்தில் 100 பேர் சேர்ந்ததாக வைத்துக்கொள்வோம். கணக்குக்காகச் சொல்கிறேன், இது எங்கள் எண் இல்லை. சிலர் முதல் வாரத்திலேயே வராமல் நின்றுவிடுவார்கள், சிலர் பாதியில் போய்விடுவார்கள். கடைசி அமர்வு வரை வந்தவர்கள் 60 பேர். ஆறு மாதம் கழித்து அந்த 60 பேரைத் தேடினால் 30 பேர் கிடைக்கிறார்கள். அதில் 27 பேர், 'இப்போது குடிப்பதில்லை' என்கிறார்கள். முப்பதுக்கு இருபத்தேழு, பத்துக்கு ஒன்பது. தலைப்பு தயார். சேர்ந்த நூறு பேரை வைத்துப் பார்த்தால் அதே திட்டத்தின் எண் 27 சதவீதம். இதில் யாரும் பொய் சொல்லவில்லை. கிடைக்காமல் போன முப்பது பேரும் பாதியில் நின்ற நாற்பது பேரும் கணக்கை விட்டுச் சத்தமில்லாமல் வெளியேறியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இதில் இன்னொரு கோணலும் உண்டு. நன்றாக இருப்பவர் எங்கள் எண்ணைப் பார்த்ததும் முதல் மணியிலேயே போனை எடுப்பார். மறுபடி குடிக்க ஆரம்பித்தவர் எடுக்க மாட்டார், வெட்கம் தடுக்கும். அதனால் 'கிடைத்தவர்கள்' என்ற கூட்டமே ஏற்கெனவே ஒரு பக்கம் சாய்ந்த கூட்டம்.

புகைப்பழக்கத்தை விட உதவும் சிகிச்சைகளை ஆராய்பவர்கள் இந்தக் கோணலை வெகு முன்பே பார்த்துவிட்டார்கள். ராபர்ட் வெஸ்டும் அவருடைய சகாக்களும் 2005-இல் 'ரஸ்ஸல் நியமம்' என்று ஒரு விதிமுறையை வெளியிட்டார்கள். ஆறு மாதமாவது விட்டிருக்க வேண்டும். வாய்வார்த்தை மட்டும் போதாது, மூச்சுக்காற்றில் கார்பன் மோனாக்சைடு அளவு போன்ற சோதனையும் வேண்டும். இறந்தவர்கள் போன்ற சில விதிவிலக்குகள் தவிர, தொடர்பு விட்டுப்போனவர்கள் எல்லோரும் புகைக்கிறார்கள் என்றே கணக்கில் ஏற வேண்டும். கறாரான விதிதான். அதன்படி எண்ணினால் நம் துறையின் பல தலைப்புகள் இளைத்துப்போகும்.

இளைத்துப்போனால் போகட்டும் என்பது என் கட்சி. 27 என்பது கேவலமான எண் இல்லை. தாமஸ் மெக்லெல்லனும் மூன்று சகாக்களும் 2000-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், ஆஸ்துமா இவற்றோடு போதை நோயை வைத்து ஒப்பிட்டார்கள். மருந்தை ஒழுங்காக எடுக்காமல் விடுவதும், நோய் திரும்பி வருவதும் இங்கும் அங்கும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருக்கின்றன. அவர்கள் சுட்டிக்காட்டியது இதுதான்: மாத்திரையை நிறுத்தியதும் அழுத்தம் ஏறினால், மாத்திரை வேலை செய்தது என்பதற்கு அதையே சான்றாக எடுத்துக்கொள்கிறோம். சிகிச்சையை நிறுத்தியதும் குடி திரும்பினால் மட்டும் சிகிச்சை தோற்றது என்கிறோம். அப்படியென்றால் ஒரு திட்டத்தை மதிப்பிட, 'எத்தனை பேர் மீண்டார்கள்' என்பதைவிட 'எத்தனை பேரை இன்னும் கைவிடாமல் வைத்திருக்கிறீர்கள்' என்பதே பொருத்தமான கேள்வி என்று எனக்குத் தோன்றுகிறது.

'சிகிச்சையை வெற்றிகரமாக முடித்தவர்' என்ற கட்டத்தில் இருப்பவர் பத்திரமாக இருக்கிறார் என்றும் அர்த்தமில்லை. ஜான் ஸ்ட்ராங்கும் சகாக்களும் 2003-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு சிறிய ஆய்வை வெளியிட்டார்கள். ஹெராயின் போன்ற போதைப்பொருளை விடுவதற்காக மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு அது. வெளியே போன முதல் நான்கு மாதத்துக்குள் அளவு மீறிய போதையால் மூன்று பேர் இறந்திருந்தார்கள். மூவருமே சிகிச்சையை முழுசாக முடித்தவர்கள். காரணம் உடம்பில் இருக்கிறது. பல நாள் எடுக்காமல் இருந்தால் உடலின் தாங்குதிறன் இறங்கிவிடும். தடுமாறிப் பழைய அளவையே எடுக்கும்போது அது உயிரைக் குடித்துவிடும். என் எக்செல் பக்கத்தில் அந்த மூவரும் பச்சை நிறக் கட்டத்தில் இருந்திருப்பார்கள்.

மனநோய்ப் பக்கம் வந்தாலும் இதே கதைதான். மருத்துவமனையை விட்டு வீடு திரும்பிய முதல் சில வாரங்களில்தான் தற்கொலை ஆபத்து அதிகம். திட்ட மொழியில் அது 'டிஸ்சார்ஜ்'. கேஸ் ஷீட்டை மூடிக் கோப்பில் வைக்கும் நேரம்.

அப்புறம் என்ன செய்வது? போன் செய்ய வேண்டும். கேட்கச் சாதாரணமாக இருக்கும். எங்கள் வேலையிலேயே அதிக மூளையைக் கேட்பது இதுதான்.

சேர்க்கைப் படிவத்தில் பெயர், வயது, என்ன பழக்கம் என்பதெல்லாம் சீக்கிரம் முடிந்துவிடும். அரைப் பக்கத்தை எடுத்துக்கொள்வது தொடர்பு பற்றிய கேள்விகள். உங்களை எந்த எண்ணில் கூப்பிடலாம்? அந்த எண் போனால் அடுத்தது யாருடையது? எந்த நேரத்தில் கூப்பிடக் கூடாது? வேறு யாராவது எடுத்தால் நாங்கள் என்ன சொல்ல வேண்டும்? இந்தக் கடைசிக் கேள்விக்கு வரும் பதில்களைத் தொகுத்தால் தனிப் புத்தகமே போடலாம். 'வங்கியிலிருந்து என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், இன்னொரு கடன் வாங்கிவிட்டேன் என்று வீட்டில் சண்டை வரும்' என்றார் ஒருவர். 'பெண் குரல் வேண்டாம்' என்று எழுதச் சொன்னவர்கள் நிறைய. ஒரு பெண்மணி, தன் கணவருக்கு எதுவும் தெரியாது என்பதால், பகல் பதினொன்றுக்கு மேல் ஒரு மணிக்குள் மட்டும் கூப்பிடச் சொன்னார். குடிக்கும் பெண்களுக்கு இந்த ஒளிவு இன்னும் பல மடங்கு தேவைப்படுகிறது. அதைப் பற்றி எந்தப் பத்திரிகையும் எழுதிப் பார்த்ததில்லை.

எங்கள் ஊழியர்களுக்கு ஒரு விதி. பொய் சொல்லக் கூடாது, எங்கிருந்து பேசுகிறோம் என்றும் சொல்லக் கூடாது. தன் பெயரை மட்டும் சொல்லி, அவர் இருக்கிறாரா என்று கேட்க வேண்டும். ஒரு தடவை ஒரு ஊழியர், எங்களிடம் வந்துபோன ஒருவரைக் கூப்பிட்டபோது பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். எடுத்தது அவருடைய அம்மா. "அவன் வேலைக்குப் போயிட்டான். நீ யாரும்மா?" என்றார். இவர் பெயரைச் சொல்லி, "அப்புறம் கூப்பிடுறேன்மா, அவர்கிட்ட சொல்லிடுங்க" என்றார். அந்த அம்மா போனை வைக்கவில்லை. "இப்ப பத்து நாளா ஒழுங்கா வேலைக்குப் போறான்மா. சாயங்காலம் நேரா வீட்டுக்கு வர்றான். அவன் குரலே பழைய மாதிரி இல்லைன்னு நீயே கண்டுபிடிச்சுடுவ" என்று கடகடவென்று சொல்லிவிட்டு வைத்தார். நாங்கள் யார் என்று அவருக்குத் தெரிந்தே இருந்தது. ஊழியர் நோட்டில் எழுதினார்: 'தாயார் எடுத்தார். வேலைக்குப் போவதாகத் தகவல். சாயங்காலம் மறுபடி அழைக்க வேண்டும்.' நிதியாளரின் படிவத்தில் இதற்கு ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது: 'தொடர்பு கிடைக்கவில்லை.'

அந்தக் கட்டத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். போன் அடித்தது, எடுக்கவில்லை. எண் உபயோகத்தில் இல்லை. எடுத்தார், பேசப் பிடிக்கவில்லை என்று வைத்துவிட்டார். வேறு ஊருக்கு வேலைக்குப் போய்விட்டார், நன்றாக இருக்கிறார் என்று தம்பி சொன்னார். இறந்துவிட்டார். இந்த ஐந்தும் எங்கள் நோட்டில் ஐந்து தனி வரிகள். அறிக்கையில் எல்லாம் சேர்ந்து ஒரே எண். போனை அடகு வைத்துவிட்டவரும் உயிரை விட்டவரும் ஒரே கட்டத்தில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். மேலே இருப்பவர்கள் அதைப் பார்த்து, 'இந்தச் சதவீதத்தைக் குறையுங்கள்' என்று மின்னஞ்சல் அனுப்புகிறார்கள். குறைக்க ஒரு சுலப வழி உண்டு. திரும்பக் கிடைக்க மாட்டார் என்று தோன்றுபவரை முதலிலேயே சேர்க்காமல் விடுவது. நிலையான முகவரி இல்லாதவர், சொந்தமாக போன் இல்லாதவர், குடும்பம் கைவிட்டவர் எல்லோரும் வாசலிலேயே திரும்பிப் போவார்கள். எண் அழகாகிவிடும். சமூகத்தை அளக்க வைத்த எண்ணையே முடிவெடுக்கவும் பிடித்துக்கொண்டால், அந்த எண்ணும் கெடும், அது அளக்க வந்த விஷயமும் கெடும் என்று அமெரிக்க உளவியலாளர் டொனால்டு கேம்ப்பெல் 1970-களில் எழுதினார். சேர்க்கை மேசைப் பக்கம் உட்கார்ந்திருந்தால் அவர் சொன்னது கண்ணெதிரே நடப்பதைப் பார்க்கலாம்.

போன் பேசுவது வெறும் கணக்கெடுப்பா என்றால், அதுவும் இல்லை. அதுவே சிகிச்சை. இதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. சான் பிரான்சிஸ்கோவில் ஜெரோம் மோட்டோ என்ற மனநல மருத்துவர், மருத்துவமனையிலிருந்து வெளியே போய் மேற்கொண்டு சிகிச்சை வேண்டாம் என்று மறுத்த 843 பேரை எடுத்துக்கொண்டார். பாதிப் பேருக்கு வருடத்தில் நான்கு முறையாவது, ஐந்து வருடம், சில வரிக் கடிதம் போனது. எப்படி இருக்கிறீர்கள், எழுத விரும்பினால் எழுதுங்கள் என்ற அளவில்தான். வாருங்கள், மருந்து சாப்பிடுங்கள் என்ற உபதேசம் எதுவும் கிடையாது. கடிதம் போனவர்களிடையே முதல் இரண்டு வருடத்தில் தற்கொலை தெளிவாகக் குறைந்திருந்தது. 2001-இல் வெளிவந்த முடிவு இது.

இன்னொன்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு, 2008-இல் வந்தது. சென்னை, கொழும்பு உட்பட ஐந்து நகரங்களில், தற்கொலைக்கு முயன்று அவசர சிகிச்சைக்கு வந்த 1,867 பேர். ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை. மற்றப் பிரிவினருக்கு அதோடு சேர்த்து ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசி, பிறகு 18 மாதத்தில் ஒன்பது முறை போனிலோ நேரிலோ தொடர்புகொண்டார்கள். 18 மாத முடிவில் தற்கொலையால் இறந்தவர்கள் முதல் பிரிவில் 2.2 சதவீதம், இரண்டாவது பிரிவில் 0.2 சதவீதம். விலை உயர்ந்த கருவியோ புது மருந்தோ எதுவும் இல்லை. மறக்காமல் ஒன்பது முறை பேசியிருக்கிறார்கள்.

இந்த 'மறக்காமல்' என்பதற்குத்தான் திட்ட மேலாண்மை தேவைப்படுகிறது. ஒருவருக்கு ஒன்பது தடவை என்றால் நூறு பேருக்கு 900 பேச்சு. ஒரு பேச்சு கிடைக்க மூன்று முறை அழைக்க வேண்டியிருக்கும் என்று வைத்தால் 2,700 அழைப்புகள். ஒவ்வொன்றுக்கும் தேதி, ஒவ்வொன்றுக்கும் ஆள், ஒவ்வொரு பேச்சுக்குப் பிறகும் குறிப்பு. பேசும்போது எதிர்முனையில் இருப்பவர் சாகப்போகிறேன் என்று சொன்னால் உடனே யாரை அழைப்பது என்ற ஏற்பாடு. அப்படியான பேச்சு முடிந்ததும் அந்த ஊழியர் எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வர நேரம். அடுத்த அழைப்பை அவர் தலையில் கட்டாமல் எடுத்துச் செய்ய இன்னொரு ஆள். இதெல்லாம் பட்ஜெட்டில் எங்கே போகிறது தெரியுமா? 'நிர்வாகச் செலவு'. கவுன்சலரின் அமர்வு சேவை; அந்த அமர்வுக்குப் பிறகு வரும் ஒன்பது பேச்சும் நிர்வாகம். நிர்வாகச் செலவு இத்தனை சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று ஒப்பந்தத்தில் இருக்கும். நிதி குறைந்தால் முதலில் கத்தி விழுவதும் அங்கேதான். 'எங்களுக்கு வரும் பணத்தில் பெரும்பகுதி நேரடியாகப் பயனாளிகளுக்கே போகிறது' என்று பெருமையாக அச்சிடும் அமைப்புகளைப் பார்த்தால், அங்கே போன் எடுத்துப் பேச யாராவது இருக்கிறார்களா என்றுதான் எனக்குச் சந்தேகம் வருகிறது.

காலண்டரும் எங்களுக்கு எதிரி. பெரும்பாலான திட்டங்களுக்கு ஒரு வருடம்தான் ஆயுள். ஒப்பந்தம் கையெழுத்தாகி ஆள் எடுத்துப் பயிற்சி கொடுத்து முடிக்க மூன்று மாதம். கடைசி மாதம் அறிக்கைக்கு. ஒருவர் சேர்ந்து ஆறு மாதம் கழித்து அவரைத் தேடிப் பார்க்கும் ஃபாலோ-அப்பை பதினொன்றாம் மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்றால், ஐந்தாம் மாத முடிவுக்குள் சேர்ந்தவர்களைத்தான் அதில் எண்ண முடியும். அதாவது நான்காம், ஐந்தாம் மாதங்களில் வந்தவர்கள் மட்டும். ஆறாம் மாதம் முதல் வந்தவர்களுக்கு என்ன ஆனது என்று பார்க்கும் முன்பே கடையைச் சாத்திவிடுகிறோம். அந்த இரண்டு மாதத்து ஆட்களை வைத்து வரும் எண்தான் அடுத்த வருட விண்ணப்பத்திலும், உங்களைப் போன்ற பத்திரிகைகளின் தலைப்பிலும் ஏறுகிறது. கவுன்சலர்களுக்கும் ஒரு வருட ஒப்பந்தம்தான் என்பதால், பத்தாம் மாதத்திலிருந்தே அவர்கள் வேறு வேலை தேட ஆரம்பிப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஒரு கவுன்சலர் போனால் அவரை நம்பி வந்த பாதிப் பேரும் வராமல் போவார்கள். அதற்குப் படிவத்தில் கட்டமே இல்லை.

அடுத்தது, இரண்டு நோட்டுப் பிரச்சினை. குடிக்கு ஒரு நிதியாளர், மனச்சோர்வுக்கு இன்னொரு நிதியாளர். மனிதர் ஒருவர்தான். குடித் திட்டத்தில் அவருக்கு ஆடிட் என்ற பத்துக் கேள்விப் படிவம், மதிப்பெண் 0 முதல் 40 வரை, எட்டோ அதற்கு மேலோ வந்தால் கவனிக்க வேண்டும். மனச்சோர்வுத் திட்டத்தில் பிஎச்க்யூ-9 என்ற ஒன்பது கேள்விப் படிவம், 0 முதல் 27 வரை. இரண்டு இடத்திலும் பெயர் ஏறினால் இரண்டு அறிக்கையிலும் ஒவ்வொரு பயனாளி, ஆக இருவர். அது பரவாயில்லை, காகிதத்தோடு போகும் தவறு. மோசமானது எதிர்த்திசையில் நடப்பது. 'முதலில் குடியை நிறுத்திவிட்டு வாருங்கள், மனச்சோர்வுக்குப் பார்க்கலாம்' என்று ஒரு திட்டம் சொல்கிறது. 'கடுமையான மனநோய் உள்ளவர்களைச் சேர்ப்பதில்லை' என்று மற்றொன்று. இரண்டு வாசலிலும் அந்த மனிதர் இடமில்லை என்று திருப்பி அனுப்பப்படுகிறார். குடியும் மனச்சோர்வும் ஒன்றையொன்று வளர்ப்பவை. இரண்டுக்கும் ஒரே குழு ஒரே நேரத்தில் சிகிச்சை தர வேண்டும் என்பது மருத்துவத்தில் தெரிந்த விஷயம்தான். தெரியாதது நிதி ஒப்பந்தங்களுக்கு மட்டும்.

பிஎச்க்யூ-9 என்றதும் ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. அதில் ஒன்பதாவது கேள்வி, செத்துவிடலாம் என்றோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ளலாம் என்றோ கடந்த இரண்டு வாரத்தில் தோன்றியதா என்பது. படிவங்களை அடுக்கி வைத்து வாரக் கடைசியில் ஒருவர் கணினியில் ஏற்றும் அமைப்புகள் உண்டு. மொத்த மதிப்பெண் சரியாக வந்துவிடும். ஒன்பதாவது கேள்விக்கு 'அநேகமாகத் தினமும்' என்று போட்டவர் அதற்குள் பேருந்து ஏறிப் போயிருப்பார். எங்கள் அலுவலகத்தில் படிவத்தைக் கையில் வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது பக்கத்தின் அடியில் இருக்கும் அந்த வரியைத்தான். பூஜ்யம் இல்லாமல் வேறு எது இருந்தாலும், அந்த நபர் அறையை விட்டு எழும் முன் கவுன்சலர் வந்து உட்கார வேண்டும். இது எந்த அறிக்கையிலும் சாதனையாக வராது. எனக்கு மட்டும் அதிகாரம் இருந்தால், ஓர் அமைப்பைப் பார்வையிடப் போகிற எவரும் முதலில் இதைத்தான் கேட்க வேண்டும் என்று விதி போடுவேன்.

உங்கள் கட்டுரையில் 'சில நாள் முகாமில் குடியை மறந்தார்கள்' என்று ஒரு வரி இருந்தது. அதற்கு ஓர் எச்சரிக்கையாவது சேர்த்திருக்கலாம். வருடக்கணக்காகத் தினமும் அதிகம் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால், முதல் நாளிலேயே கைநடுக்கம் வரும், வலிப்பு வரலாம். சிலருக்கு இரண்டு மூன்று நாளில் நினைவு குழம்பி, இல்லாததெல்லாம் கண்ணில் தெரிந்து, உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவ மேற்பார்வையும், வைட்டமின் பி1 எனப்படும் தயாமினும், இரவு விழித்திருக்கும் செவிலியரும் இல்லாத முகாம் ஆபத்தான முகாம். அந்த வரியைப் படித்துவிட்டு யாராவது வீட்டில் ஒருவரை அறையில் பூட்டி வைத்து நிறுத்தப் பார்த்திருக்கக் கூடாதே என்று நினைத்தேன்.

நிதியாளர்களை வில்லனாக்கவும் எனக்கு விருப்பம் இல்லை. அவர்களுக்கும் மேலே ஒரு குழு, அந்தக் குழுவுக்கும் ஓர் அறிக்கை. ஒரு நிதியாளரிடம் அந்த ஐந்து வரியையும் தனித்தனியாகக் காட்டிப் பேசியபோது, படிவத்தை மாற்ற உடனே சம்மதித்தார். 'இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை' என்றும் கேட்டார். யாரும் கேட்கவில்லை என்பதுதான் நேர்மையான பதில்.

கேட்கும் இடத்தில் பத்திரிகை இருக்கிறது. அடுத்த முறை உங்கள் நிருபர் இப்படி ஓர் அமைப்புக்குப் போகும்போது, மொத்தம் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எண்ணியது எத்தனையாவது மாதத்தில், அப்போது எத்தனை பேர் கிடைத்தார்கள், கிடைக்காதவர்களை எப்படித் தேடினீர்கள் என்று கேட்கட்டும். 'இறந்தவர்கள் எத்தனை பேர்' என்று தயங்காமல் கேட்கட்டும். யாரும் இறக்கவில்லை என்று பதில் வந்தால், அது தெரிந்து சொல்வதா, தேடாமல் சொல்வதா என்று இன்னொரு கேள்வி. சேர்த்துக்கொள்ளாமல் திருப்பி அனுப்பியவர்களுக்கு நோட்டு இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். பல இடங்களில் இருக்காது.

படம் பற்றியும் ஒரு வரி. முகம் தெரியாமல் பின்னாலிருந்து எடுத்திருந்தீர்கள், சரி. ஆனால் சட்டையும் நடையும் உட்காரும் விதமும் தெரிந்தால் பக்கத்து வீட்டுக்காரருக்கு அது போதும். வெறும் நாற்காலியைப் போட்டிருந்தாலும் கட்டுரை குறைந்துபோயிருக்காது.

எங்கள் எண்களையும் இதே கேள்விகளால் சோதிக்கலாம். சென்ற ஆண்டறிக்கையில் 'தொடர்பு விட்டுப்போனவர்கள்' வரிசையைப் பிரித்து முதல் பக்கத்திலேயே போட்டோம். அதைப் பார்த்துவிட்டு ஒரு நிதியாளர் விலகிக்கொண்டார். முன்பு படிவத்தை மாற்றியவரோ, ஃபாலோ-அப் ஊழியர்களின் சம்பளத்தை நிர்வாகச் செலவிலிருந்து எடுத்து, சேவை என்ற தலைப்பில் மூன்று வருடத்துக்குத் தர ஒப்புக்கொண்டிருக்கிறார். அடுத்த மாதம் அதற்கு ஆள் எடுக்கிறோம். போனில் பொறுமையாகப் பேசத் தெரிந்தவர்கள் வேண்டும்; பட்டம் இரண்டாம்பட்சம்.

நிறுவனத்தின் பெயர் வெளியே வந்தால் எங்களிடம் வருபவர்களை அடையாளம் காண்பது சுலபமாகிவிடும். ஆகவே பெயரைத் தவிர்த்து வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன். உங்களுக்கு மட்டும் தனியே எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
தொண்டு நிறுவனத் திட்ட மேலாளர் ஒருவர்